வரி கட்ட ஆள் இருக்கு, புகார் கேட்க ஆள் இல்லையா?



மாசாமாசம் காசு கட்டி ஓட்டுற வெளிநாட்டு சாஃப்ட்வேர் ஏதாவது உங்ககிட்ட இருந்தா, அதோட பில்லை ஒரு தடவை திறந்து பாருங்க. கீழே ஐ.ஜி.எஸ்.டி. 18% என்று போட்டிருப்பாங்க. சில பில்லில் 99 என்று தொடங்கும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கும். இந்தியாவில் ஒரு நாற்காலி கூடப் போடாத கம்பெனி, நம்ம நாட்டில் பதிவு செய்து வரி கட்டுகிறது என்று அர்த்தம்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்தே இதுதான் சட்டம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சாதாரண ஆளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆன்லைன் சேவை விற்றால், விற்கிற கம்பெனிதான் வரி கட்டணும். அதற்கென்று தனிப் பதிவு, தனி ரிட்டர்ன், கவனிக்க பெங்களூருவில் அலுவலகம். கம்பெனிக்கு இங்கே ஆளே இல்லையா? வரி கட்டுறதுக்கென்று ஒருத்தரை நியமிக்கவும் சட்டத்திலேயே வழி இருக்கு. நல்ல ஏற்பாடுதான், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, அதே கம்பெனியிடம் நமக்கு ஒரு பிரச்சினைன்னா யாரைப் போய்ப் பார்ப்பது?

எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருத்தர், கல்யாணங்களுக்கு கரிஷ்மா ஆல்பம் டிசைன் பண்றவர். டிசைன் சாஃப்ட்வேருக்கு மாசம் 2,000 ரூபாய், வரி 360, மொத்தம் 2,360. வைகாசி முகூர்த்தம் உச்சத்தில் இருந்தப்போ, ஒரு காலையில் அவர் கணக்கு லாக் ஆகிவிட்டது. "வழக்கத்துக்கு மாறான செயல்பாடு" என்று ஒரு வரி மெயில். அவ்வளவுதான். பதினொரு கல்யாணத்தோட ஃபைல்கள் உள்ளே மாட்டிக்கிச்சு.

போன் நம்பர் கிடையாது. சாட்டைத் திறந்தால் பாட் பேசுது. புகார் கொடுக்கணும்னா முதலில் லாகின் பண்ணுங்க என்கிறது. லாகின் ஆகலைன்னுதானே புகாரே! மெயில் போட்டால் ஒரு புகார் எண் வரும், ரெண்டு நாளில் "தீர்க்கப்பட்டது" என்று அவங்களே மூடிடுவாங்க. திரும்பப் போட்டால் புது எண், திரும்ப மூடல். இதுக்கு நடுவில், மாசத் தவணை 2,360 மட்டும் சரியான தேதியில் கார்டிலிருந்து போயிடுச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க சாஃப்ட்வேர் கம்பெனியையா கேட்பாங்க? அண்ணன் கடை வாசலில்தான் வந்து நின்னாங்க. ரெண்டு பேர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டுப் போனாங்க.

பத்தொன்பதாவது நாள், நாங்க கட்சிப் பக்கத்திலிருந்து அந்த கம்பெனியை டேக் பண்ணிப் போட்டோம். நாலு மணி நேரத்தில் பதில். மறுநாள் கணக்கு திறந்தாச்சு.

ஐ.டி. விங் மாஸ் என்று நிறைய பேர் கமெண்ட் போட்டீங்க. எனக்கு என்னமோ அதில் சந்தோஷப்பட முடியலை. பத்தொன்பது நாள் காதில் விழாத அதே புகார், ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்ததும் நாலு மணி நேரத்தில் விழுது. அப்போ அங்கே பதில் சொல்ல ஆள் இருந்திருக்காங்க, ஸ்டூடியோ அண்ணனுக்குப் பதில் சொல்ல மட்டும்தான் ஆள் இல்லை. எந்தக் கட்சிக்காரரையும் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?

சட்டமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள், இந்தியாவில் தொடர்ந்து விற்பனை செய்யும் வெளிநாட்டு கம்பெனிக்கும் பொருந்தும். குறைதீர் அலுவலர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெப்சைட்டில் போடணும். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள் தீர்க்கணும். தொழிலுக்கு வாங்கினது, நான் நுகர்வோர் இல்லையோன்னு தயங்க வேண்டாம். சுயதொழில் செய்து பிழைக்கிறவங்க தங்கள் வேலைக்கு வாங்கினால், 2019 சட்டப்படி அவங்களும் நுகர்வோர்தான். 1915-க்கு போன் பண்ணி தமிழிலேயே புகார் சொல்லலாம். நீங்க குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும் கோர்ட் ஃபீஸும் இல்லை. கார்டில் தானா பிடிக்கிற தவணையை, கம்பெனி சம்மதம் இல்லாமலே உங்க பேங்க் வழியா நிறுத்தலாம். அது ரிசர்வ் வங்கியின் விதி.

ஆனா நோட்டீஸை எந்த முகவரிக்கு அனுப்புவீங்க? ஆணையத்தில் ஜெயிச்சாலும் அந்த உத்தரவை எடுத்துட்டு எந்த ஊர் கதவைத் தட்டுவீங்க? கடல் கடந்த கம்பெனி விஷயத்தில் எல்லாம் முட்டிக்கிட்டு நிற்கிற இடம் இதுதான்.

அதனால ஒன்றிய அரசிடம் நாம கேட்க வேண்டியது பெரிய புதுச் சட்டமெல்லாம் இல்லை. வரிக்குப் பதிவு கொடுக்கிறீங்களே, அதே பதிவில் ஒரு இந்திய முகவரி, மனுஷன் எடுக்கிற ஒரு போன் நம்பர், வழக்கு நோட்டீஸ் வாங்க ஒரு பொறுப்பாளர் கட்டாயம் என்று சேருங்க. கணக்கை லாக் பண்ணினா அது திறக்கிற வரைக்கும் தவணை பிடிக்கக் கூடாது என்றும் சேருங்க. சின்ன கம்பெனிகள் எல்லாம் இந்தியாவை விட்டே போயிடும்னு சிலர் சொல்வாங்க. 18% வரிக்கும் ரிட்டர்னுக்கும் ஓடாதவங்க ஒரு போன் நம்பருக்கா ஓடப் போறாங்க?

இதைத் தலைமைக்கு மனுவாகக் கொடுக்கப் போகிறோம். வெறும் கோபத்தை மட்டும் கொண்டு போய்க் கொடுக்க முடியாது, கையில் ஆதாரம் வேணும். இப்படி மாட்டினவங்க பில், புகார் கொடுத்த தேதி, வந்த பதிலின் ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் உங்க மாவட்ட ஐ.டி. விங் பொறுப்பாளரிடம் கொடுங்க. கார்டு நம்பரை மறைச்சிடுங்க, ஓ.டி.பி. யார் கேட்டாலும் சொல்லாதீங்க. இன்னொன்று, சாட்டில் பேசுற சப்போர்ட் ஆளைத் திட்டி எழுதாதீங்க. அது ஓ.எம்.ஆரில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற நம்ம வீட்டுப் பையனாகவே இருக்கலாம். எழுதிக் கொடுத்ததைத் தாண்டி ஒரு வார்த்தை பேச அவனுக்கும் அனுமதி கிடையாது.