“அப்டேட் எதுவும் இல்லை!”

கம்ப்யூட்டர் பழசாகி விட்டால் அதை வீட்டுப் பெரியவர்களை நடத்துவது போலவே நடத்துகிறோம். மூலையில் ஒரு மேஜையைக் கொடுத்து, மேலே ஒரு துணியைப் போர்த்தி, “அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்று விட்டு விடுகிறோம். ஆனால் அவசரம் என்றால் அதனிடம்தான் ஓடுகிறோம். குழந்தையின் முதல் ஆண்டு நிறைவுப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. கடையின் பத்து வருஷக் கணக்கும் அதில்தான் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சிறு அச்சகங்களைக் கேட்டுப் பாருங்கள். பேஜ்மேக்கர் என்ற புரோகிராமின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001-ல். அதில் பழைய தமிழ் எழுத்துருக்களைக் கொண்டு கோத்து வைத்த பக்கங்களை, அவை இரண்டும் இல்லாத புதிய கம்ப்யூட்டரில் திறந்தால், மணமகன் பெயரும் முகூர்த்த நேரமும் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். ஆகவே பழைய யந்திரத்தை வைத்திருப்பவர்கள் எல்லோரும் கஞ்சர்கள் என்று நினைக்க வேண்டாம். பலருக்கு அது பிழைப்பு.

இப்படிப்பட்ட யந்திரங்கள் பலவற்றில் இன்றும் ஓடுவது, 2009 அக்டோபர் 22-ல் வெளிவந்த விண்டோஸ் 7. அதை வைத்திருப்பவர்களின் குறை ஒன்றே: “பாதுகாப்பு அப்டேட் உள்ளே இறங்க மறுக்கிறது. ஏதோ பிழை எண் காட்டுகிறது. என்ன செய்யலாம்?”

சிகிச்சைக்கு முன் வியாதி என்ன என்று தெரிய வேண்டுமல்லவா? அப்டேட் இருக்கிறது, ஆனால் உங்கள் யந்திரத்தில் ஏற மறுக்கிறது என்பது ஒன்று. அப்டேட் என்பதையே இனி யாரும் தயாரிக்கவில்லை என்பது மற்றொன்று. முதலாவதற்கு மருந்து உண்டு. இரண்டாவதற்கு மருந்து கிடையாது, பத்தியம்தான் உண்டு. இரண்டையும் குழப்பிக் கொள்வதில்தான் அபாயம்.

“அப்டேட் போடாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்?” என்று கேட்பவர்களுக்கு 2017-ம் வருஷத்துச் சமாசாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விண்டோஸில் ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றுடன் கோப்புகளைப் பகிர்ந்து கொள்ளும் வழியில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் அப்டேட்டை மார்ச் 14-ம் தேதியே மைக்ரோஸாப்ட் கம்பெனி வெளியிட்டு விட்டது. ஆயினும் லட்சக் கணக்கானவர்கள் அதைப் போட்டுக் கொள்ளவில்லை. மே 12-ம் தேதி ‘வான்னாக்ரை’ என்ற விஷமப் புரோகிராம் அந்த ஓட்டை வழியாகப் புகுந்தது. யாரும் எதையும் தொட வேண்டிய அவசியமில்லை. ஒரு யந்திரத்திலிருந்து அடுத்த யந்திரத்துக்குத் தானே தாவியது. உள்ளே இருந்த கோப்புகளையெல்லாம் பூட்டி விட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று கேட்டது.

சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அடிபட்டன. இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் டாக்டரைப் பார்க்க நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நேரங்கள் சுமார் 19,000 ரத்தாகியிருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். அடிபட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை எவை தெரியுமா? நமது விண்டோஸ் 7 தான்! மருந்து அலமாரியில் இரண்டு மாதமாகத் தயாராக இருந்தது. சாப்பிடத்தான் ஆள் இல்லை.

சரி, மருந்து இறங்க மறுக்கும் யந்திரத்தை எப்படி வழிக்குக் கொண்டு வருவது?

எதிலும் கை வைப்பதற்கு முன்னால் படங்களையும் கணக்குகளையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றித் தனியே வையுங்கள். இதைச் செய்யாமல் மேலே படிக்க வேண்டாம்.

அடுத்து, திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள்! உள்ளே நாணயம் போல ஒரு பாட்டரி உண்டு. சி.ஆர். 2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அது தீர்ந்து விட்டால், யந்திரத்தை அணைத்துப் போடும்போதெல்லாம் கடிகாரம் பல வருஷம் பின்னுக்குப் போய்விடும். இணையத்தில் ஒவ்வோர் இடமும் தன் அடையாளச் சான்றை நீட்டுகிறது. அந்தச் சான்றுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் யந்திரம் 2009-ல் உட்கார்ந்து கொண்டிருந்தால், ‘இந்தச் சான்று செல்லாது’ என்று எல்லோரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பும். பாட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்தால் சில வீடுகளில் தொல்லை அதோடு தீர்ந்து விடும்.

பிறகு, ‘கம்ப்யூட்டர்’ என்ற படத்தின் மீது வலப் பக்கப் பொத்தானை அழுத்தி, ‘பிராபர்ட்டீஸ்’ என்பதைத் திறவுங்கள். அங்கே இரண்டு விவரம் கிடைக்கும். ‘சர்வீஸ் பேக் 1’ என்று போட்டிருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைப் போட வேண்டும். அது இல்லாமல் கீழே சொல்லும் அப்டேட்கள் ஏறாது. இரண்டாவது, உங்களுடையது 32 பிட்டா, 64 பிட்டா? இதைக் குறித்துக் கொள்ளுங்கள். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் போட்டால் ‘இது உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது’ என்ற பதில்தான் வரும்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். ஒவ்வோர் அப்டேட்டும் தபாலில் வரும் அரக்கு முத்திரையிட்ட கடிதத்தைப் போன்றது. முத்திரை சரியாக இருந்தால்தான் யந்திரம் அதைப் பிரிக்கும். 2019-ம் வருஷத்தின் நடுவில் மைக்ரோஸாப்ட் பழைய ‘ஷா-1’ முத்திரையைக் கைவிட்டு, ‘ஷா-2’ என்ற புதிய முத்திரைக்கு மாறியது. வெகு நாள் துணி போர்த்திக் கிடந்த யந்திரத்துக்கு இந்தப் புது முத்திரை தெரியாது. கடிதம் உண்மையானதுதான், ஆனாலும் ‘போலி’ என்று திருப்பி விடும். 80092004 என்ற பிழை எண் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறது. 2020-ல் பழைய முத்திரை வழியையும் மூடி விட்டார்கள். ஆகவே அப்படிப்பட்ட யந்திரத்தைத் ‘தானே தேடிக் கொள்’ என்று விட்டால் தேடிக் கொண்டே இருக்கும்.

பரிகாரம் இதுதான். நல்ல நிலையில் உள்ள வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து, மைக்ரோஸாப்டின் ‘அப்டேட் கேட்டலாக்’ என்ற இடத்துக்குப் போங்கள். கேபி 4490628, கேபி 4474419 என்ற இரண்டையும் பென் டிரைவில் எடுத்து வாருங்கள். முன்னது அப்டேட் போடும் கருவியைச் சீராக்குகிறது. பின்னது புதிய முத்திரையைப் படிக்கக் கற்றுக் கொடுக்கிறது. இதே வரிசையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு யந்திரத்தை அணைத்து ஏற்றுங்கள். அதன் பின் கேபி 4534310 என்பதைப் போடுங்கள். 2020 ஜனவரி 14-ம் தேதி எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த கடைசித் தொகுப்பு அது. 2016 அக்டோபர் முதல் மாதா மாதம் வந்த தொகுப்புகளின் பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் அடக்கம்.

அப்படியும் முரண்டு பிடித்தால், ‘சி’ டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்ற அப்டேட்கள் கெட்டுப் போய் வழியை அடைத்துக் கொள்வதும் உண்டு. ‘சர்வீஸஸ்’ பட்டியலில் ‘விண்டோஸ் அப்டேட்’டை நிறுத்துங்கள். ‘விண்டோஸ்’ என்ற உறைக்குள் இருக்கும் ‘ஸாப்ட்வேர் டிஸ்ட்ரிப்யூஷன்’ உறைக்கு வேறு பெயர் சூட்டுங்கள். பிறகு நிறுத்தியதை மறுபடி ஓட விடுங்கள். யந்திரம் புதிதாக ஓர் உறையைத் தானே உண்டாக்கிக் கொள்ளும். பழைய அப்டேட்களின் பட்டியல் மறைந்து போகும், அவ்வளவுதான் நஷ்டம்.

ஓர் எச்சரிக்கை: “ஒரே தட்டில் எல்லாவற்றையும் சரி செய்கிறோம்” என்று இணையத்தில் கூவி அழைப்பவர்களிடம் போகாதீர்கள். வீட்டைக் காவல் காக்கத் திருடனையே அமர்த்திக் கொண்ட கதையாகி விடும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு நாள் திரையில் பச்சைக் கேடயம் தோன்றும். ‘அப்டேட் எதுவும் இல்லை’ என்று யந்திரம் அறிவிக்கும். “அப்பாடா!” என்று பெருமூச்சு விடுவீர்கள். நேயர்களே, ஏமாறும் இடம் இதுதான்!

பச்சைக் கேடயம் ‘உன்னிடம் குறை இல்லை’ என்று சொல்லவில்லை. ‘உனக்கு அனுப்ப எங்களிடம் ஒன்றும் இல்லை’ என்றுதான் சொல்கிறது. பணம் கட்டிய கம்பெனிகளுக்குக் கூட 2023 ஜனவரி 10-ம் தேதியோடு அப்டேட் நின்று விட்டது. அதே வருஷத் தொடக்கத்தில் கூகுளின் க்ரோமும் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. அதற்குப் பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அந்த வீட்டில் அடைப்பார் இல்லை. வான்னாக்ரை வந்தபோது, 2014-லேயே கைவிடப்பட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோஸாப்ட் மனமிரங்கி ஓர் அவசர அப்டேட் கொடுத்தது உண்மை. ஆனால் தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அது வந்தது! அத்தகைய தயவை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

ஆகவே பத்தியம். பழைய யந்திரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். இணையத்திலிருந்து பிரித்து விடுங்கள். கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். அச்சுக் கோப்பும் பழைய கணக்கும் பார்க்க இணையம் எதற்கு? பாங்கிக் கணக்கு, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை அதில் அறவே வேண்டாம். பென் டிரைவ் உள்ளே போகுமுன் நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் பரிசோதித்து விடுங்கள். இணையம் இல்லாமல் முடியாது என்பவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச ஏற்பாட்டுக்கு மாறலாம். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய யந்திரத்திலும் அது ஓடும். ஆனால் விண்டோஸ் புரோகிராம்கள் அதில் அப்படியே ஓடும் என்று எண்ண வேண்டாம்.

“என்னுடையது விண்டோஸ் 10, எனக்கென்ன?” என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. தனியே பதிவு செய்து கொண்டவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு கெடு கொடுக்கப்பட்டது. பதிந்து கொண்டீர்களா என்று இன்றே பார்த்து விடுங்கள். பச்சைக் கேடயத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.