திண்ணையில் ஒரு பூனை, உள்ளே மூன்று குட்டிகள்

மழை விட்ட ஐப்பசிச் சாயங்காலம். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டுத் திண்ணையில், நனைந்த சாம்பல் பூனை ஒன்று வந்து ஒண்டியிருக்கிறது. விலா எலும்பை எண்ணலாம். உள்ளே இரண்டாங்கட்டில், பிறந்து இரண்டு மாதமான மூன்று குட்டிகள் சாக்கைப் பிறாண்டி விளையாடுகின்றன.

"அப்பத்தா, பாவம், இதையும் உள்ள விடுவோமா?"

"விடு. ஆனா முகப்பு ரூம்ல விட்டு கதவைச் சாத்து. குட்டிக பக்கம் வரவே கூடாது."

பேத்திக்கு முகம் சுருங்கிவிட்டது. பசியோடு வந்ததைப் பூட்டி வைப்பதா? ஆனால் அந்தக் கதவுதான் குட்டிகளுக்கு உயிர்.

பூனைகள் சண்டை போடும் என்பதுதான் பலருடைய பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. பான்லூக்கோபீனியா என்று ஒரு வைரஸ் நோய். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோவுக்குப் பங்காளி. காய்ச்சல், வாந்தி, பேதி வரும். தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னே தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. ஊசி போடாத குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. காலையில் ஓடி விளையாடிய குட்டி இரவுக்குள் செத்துக் கிடப்பதும் உண்டு. உடனே "யாரோ மருந்து வச்சிட்டாங்க" என்று பக்கத்து வீட்டைச் சந்தேகப்படுவார்கள். இந்த வைரஸால் எத்தனை வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நின்றதோ!

வந்த பூனை தெம்பாகத் தெரிந்தாலும் நம்ப முடியாது. நோயிலிருந்து தேறிய பூனையின் மலத்தில் சில வாரங்கள் வரை கிருமி வெளியேறலாம். அது தட்டு, துணி, செருப்பு, நம் கை என்று எதிலும் ஏறி வரும். வீட்டுக்குள் ஒரு வருடம்கூட சாகாமல் கிடக்கும். சோப்பும் பினாயிலும் அதை ஒன்றும் செய்யாது. பினாயில் பூனைக்கே விஷம். ஒரு பங்கு திரவ பிளீச்சில் 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசி, காய்ந்த பிறகே பூனையை விட வேண்டும்.

கட்டு கட்டாகப் பிரிந்த செட்டிநாட்டு வீட்டில் தனி அறைக்குப் பஞ்சமில்லை. செக்காலைப் பக்கம் சின்ன வாடகை வீடு என்றால் குளியலறை போதும். கணக்கு 14 நாள். கிருமி தொற்றியிருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். முதலில் குட்டிகளுக்குச் சாப்பாடு, பிறகுதான் விருந்தாளிக்கு. தட்டும் மண் தொட்டியும் தனித்தனி. திரும்பும்போது கை கழுவி, மேல்துணியை மாற்ற வேண்டும். பால் மட்டும் வேண்டாம். வளர்ந்த பூனைக்குப் பால் பேதியாகும்; அப்புறம் அது பாலா, நோயா என்று தெரியாது.

இடைப்பட்ட நாளில் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடலாம். குடற்புழு, உண்ணி, காதுப்பேன், வயிற்றில் குட்டி இருக்கிறதா என்று எல்லாம் பார்த்துவிடுவார்கள். இடது காது நுனி வெட்டியிருந்தால், ஏற்கெனவே கருத்தடை செய்த பூனையாக இருக்கும். கருத்தடை ஆகாத கடுவன் என்றால் கூடுதல் கவனம். சில கடுவன்கள் குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிடும்.

"நம்ம குட்டிகளுக்குத்தான் ஊசி போட்டாச்சே" என்ற நிம்மதியும் அரைகுறைதான். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரம் ஊசியையே வேலை செய்யவிடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். புதுப் பூனை பிள்ளைகளைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பதினான்கு நாள் முடிந்ததும் கதவைத் திறந்துவிடுவதல்ல. முதலில் படுக்கைத் துணியை மாற்றிப் போட்டு வாசனை பழக்குவது, பிறகு கதவின் இரு பக்கமும் சாப்பாடு, பிறகு ஆள் பக்கத்தில் இருக்கச் சிறிது நேரம் சந்திப்பு. பெரிய பூனை சீறினால் பதற வேண்டாம். அது தன் எல்லையைச் சொல்கிறது.

முகப்பு ரூம் கதவிடுக்கில் பழைய துண்டு திணித்தாகிவிட்டது. உள்ளே சாம்பல் பூனை கருவாட்டுச் சோறு தின்று, சன்னலில் படுத்துக் கிடக்கிறது. பேத்தி தினமும் வந்து கேட்கிறாள்.

"இன்னும் எத்தனை நாள் அப்பத்தா?"

"காலண்டர்ல இன்னும் மூணு தாள் கிழிக்கணும்டி."