மாற்றிய பாகமும் மறைத்த பாகமும்

பழைய பொருளொன்றைப் புதுக்குகின்றவன் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது? பாட்டனார் காலத்து அலுமாரி முதல் ஆலயத் திருப்பணி வரை எங்கும் எழுகின்ற வினா இது. இவ்வாரம் இதனை நமக்குப் பழக்கமில்லாத ஓரிடத்தில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவிலே 1960 களில் உருவான வேகக் கார்களை மீட்டெடுப்போரின் பட்டறையே அவ்விடம்.

அக்கார்களை அந்நாட்டார் 'மசில் கார்' என்பர். புயவலி படைத்த கார் என்று நாம் பொருள் கொள்ளலாம். அதன் இலக்கணம் எளிது: நடுத்தர அளவுள்ள காரின் உடலிலே பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்திவிடுதல். 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த பொன்ரியாக் ஜி.ரீ.ஓ. என்பதையே இவ்வினத்தின் முதல்வனெனப் பலரும் கொள்வர். பொன்ரியாக்கின் தாய்க் கம்பனியாகிய ஜெனரல் மோட்டோர்ஸ், நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் ஆகாதென விதித்திருந்தது. ஜோன் டிலோரியன் என்னும் பொறியியலாளரும் அவர்தம் துணைவரும் 389 கன அங்குல எஞ்சினைத் தனிக் காராகக் காட்டாது, விரும்புவோர் மேலதிகப் பணங் கொடுத்துப் பெறும் இணைப்பாகக் காட்டி அவ்விதியைக் கடந்தனர். முதலாண்டிலேயே 32,000 க்கு மேற்பட்டவை விற்பனையாயின. ஆயினும் அப்பொற்காலம் நீடிக்கவில்லை. காப்புறுதிக் கட்டணம் ஏறிற்று; 1970 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக்குக் கட்டுப்பாடு விதித்தது; 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பத்தாண்டுக் காலத்தில் அவ்வினம் ஏறக்குறைய ஒடுங்கிவிட்டது.

கைவிடப்பட்டவை கொல்லைகளிலும் பழைய கார்க் கிடங்குகளிலும் கிடந்து துருப்பிடித்தன. இன்று அவற்றைத் தேடி எடுப்பவர் முதலிற் பார்ப்பது எஞ்சினையன்று, அடித்தளத் தகட்டையே. வட மாநிலங்களில் மாரிகாலத்தில் வீதிப் பனியை உருக்குவதற்கு உப்பிடுவர். அவ்வுப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். ஆதலால் அரிசோனா போன்ற வறண்ட நிலத்துக் கிடங்குகளிலுள்ள கதவுக்கும் மட்காட்டுக்கும் மதிப்பு அதிகம். வெயிலினால் ஆசனத்தின் தோல் வெடித்திருக்கும், இரும்போ நலமாயிருக்கும்.

காரைக் கழற்றுதல் எளிது. கழற்றிய ஒழுங்கை நினைவிற் கொள்ளுதலே அரிது. அனுபவமுள்ளவர் ஒவ்வோர் ஆணியையும் பையிலிட்டுப் பெயரெழுதி, ஒவ்வொரு மூட்டையும் படம் பிடித்து வைப்பர். அவ்வாறு செய்யாதவரின் கார், பெட்டிகளில் அடைந்த இரும்புத் துண்டுகளாகவே பிறர் கைக்கு மாறுவதுண்டு.

அடுத்து வருவது பாகந் தேடும் படலம். பாகங்கள் மூவகைப்படும். முதலாவது, அதே வகைக் கார் வேறொன்றிலிருந்து கழற்றிய பழைய பாகம். இரண்டாவது, அக்காலத்திலேயே தொழிற்சாலையிற் செய்யப்பட்டு, விற்பனையாளரின் களஞ்சியத்தில் பெட்டி பிரியாமற் கிடந்த பாகம். கிடைத்தற்கரியது, விலையோ கேட்பவரைத் திகைக்கச் செய்வது. மூன்றாவது, பழைய வடிவத்தைப் பார்த்து இன்று புதிதாகச் செய்யப்படுவது. இம்மூன்றாம் வகை இப்போது எவ்வளவு பெருகிவிட்டதெனில், 1969 ஆம் ஆண்டுக் கமாரோவின் முழு உடற்கூட்டையுமே புதிதாய் வாங்கிவிடலாம். அவ்வாறாயின் பழைய கார் என்பது எது? கூடா, எஞ்சினா, உரிமைப் பத்திரமா? இவ்விடத்திலேதான் நமது வினா கூர்மையடைகின்றது.

இதற்கு அன்பர்கள் கண்டுள்ள விடை, பாகத்தின் மேலுள்ள எழுத்துக்களை வாசித்தல். செவ்ரலே எஞ்சின் வார்ப்பில் அது வார்க்கப்பட்ட நாள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெழுத்து மாதத்தைக் குறிக்கும்: 'ஏ' என்றால் சனவரி, 'பீ' என்றால் பெப்ரவரி. கார் பூட்டப்பட்ட நாளுக்குப் பின்னர் வார்க்கப்பட்ட எஞ்சின் அக்காரின் பிறவி எஞ்சினாக இருத்தல் இயலாதன்றோ? இன்னும், காரின் தொடரிலக்கத்தின் ஒரு பகுதி எஞ்சினிலும் கியர்ப் பெட்டியிலும் பதிக்கப்பட்டிருப்பின், மூன்றும் ஒத்துள்ளனவா எனப் பார்ப்பர். சில கார்களின் ஆசன வில்லுகளுக்கிடையே, தொழிலாளர் செருகிவிட்ட அக்காலத்து உற்பத்தித் தாளொன்று அகப்படும். அது குழந்தையின் சாதகக் குறிப்பைப் போன்றது. எந்த எஞ்சின், எந்த நிறம் என்பதெல்லாம் அதிலிருக்கும்.

இலக்கத்துக்கு இத்துணை மதிப்பு ஏன்? 1971 ஆம் ஆண்டில் பிளிமத் நிறுவனம் ஹெமி எஞ்சின் பூட்டிய திறந்த கூரைக் 'குடா' கார்களில் பன்னிரண்டுக்கு மேற் செய்யவில்லை. அவற்றுளொன்று 2014 இல் 35 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அதே உடலில் சாதாரண எஞ்சின் பூட்டிய கார் இதனுடன் ஒப்பிடத்தக்க விலை பெறாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே வஞ்சகர் எஞ்சினில் உள்ள பழைய இலக்கத்தை அராவிப் புதியதைப் பதிப்பர். ஆயின் அவ்விடத்திலே தொழிற்சாலைக் கருவி விட்டுச் சென்ற நுண்ணிய இணைகோடுகள் அராவும்போது அழிந்துபோகும். இலக்கம் பொய் சொல்லினும் இரும்பு பொய் சொல்வதில்லை.

இனி ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். 1968 இல் வெளியான 'புல்லிற்' என்னும் திரைப்படத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரத்து மேடுபள்ளங்களிலே பாய்ந்த பச்சை மஸ்ராங் காரொன்றை, 1974 இல் நியூ ஜேர்சியைச் சேர்ந்த ஒருவர் 6,000 டொலருக்கு வாங்கினார். ஆசிரியையாகிய அவர் மனைவி அதிலேயே பாடசாலைக்குச் சென்று வந்தார்! 1977 இல் அப்படத்தின் நாயகர் மக்குயின் அதனைத் தமக்குத் தருமாறு கடிதம் எழுதிக் கேட்டார், உடையவர் இசையவில்லை. 1980 அளவில் கிளட்ச் பழுதுற, கார் நின்றுவிட்டது. தந்தை 2014 இல் மறைந்தபின் மகன் அதனை ஓடச் செய்தார். ஆயினும் புதுவர்ணம் பூசவில்லை. மங்கிய பச்சையும் துருவும், படமெடுக்கும் கருவியைத் தாங்குவதற்கெனக் காரின் கீழ் ஒட்டிய இரும்புகளும் அவ்வாறே இருந்தன. 2018 இல் டெற்றொயிற் நகரில் உலகம் அதனைக் கண்டது. 2020 சனவரியில் ஏலக்கட்டணம் உட்பட 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு அது விற்பனையாயிற்று.

அதே படத்தில் நடித்த மற்றொரு மஸ்ராங் மெக்சிக்கோவிலே கைவிடப்பட்டுக் கிடந்தது. வாங்கியவர் அதனை வேறொரு திரைப்படக் காரின் போலியாக மாற்றத் தொடங்கியிருந்தார். 2017 இல் தற்செயலாக இலக்கத்தை ஆராய்ந்தபோதே உண்மை வெளிப்பட்டு வேலை நின்றது. இன்னுஞ் சிறிது காலம் சென்றிருப்பின், உண்மையான பொருளொன்று போலியின் வேடம் பூண்டு அழிந்திருக்கும்.

இதனால் மாற்றுதலே தவறென்று நாம் சொல்லவில்லை. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கார்களும் மொரிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் நாம். கிடைக்காத பாகத்தைக் கடைசற்பட்டறையிற் கடைந்து பொருத்திய கைகளை எவர் குறை கூறுவர்? அவர்கள் எதனையும் மறைக்கவில்லை. தேய்ந்ததை மாற்றுதல் தேவை. மாற்றியதை மாற்றியதாகச் சொல்லுதல் நேர்மை. நல்ல பட்டறைக்காரர், மாற்றிய பாகங்களை ஏட்டிற் குறித்து, காருடனேயே வாங்குபவர் கையிற் கொடுப்பர்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் பாட்டியின் தையல் இயந்திரமோ தாத்தாவின் மணிக்கூடோ இருக்கலாம். அதைப் பழுதுபார்க்கும் நாளில் ஒரு கொப்பியை எடுத்து, எது பழையது, எது நாம் இட்டது என்று எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்த பாட்டி இன்று அருகிலிருப்பாராயின், அவரிடங் கேட்டே முதல் வரியை எழுதுங்கள்.