25 ரிங்கிட்டில் ஒரு சுவர்

அம்மா காலமான பிறகு அவர் அலமாரியைத் திறந்தோம். பட்டுச் சேலைகளைத் தங்கைகள் பிரித்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமல் மிஞ்சியவை, வீட்டில் அவர் கட்டிய நான்கு பாத்தேக் கைலிகள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தன. நைந்த இடங்களை ஒதுக்கிவிட்டு, நல்ல பகுதிகளைச் சதுரங்களாக வெட்டி ஒட்டுத்துணிப் போர்வை தைக்க முடிவு செய்தேன்.

முதல் முயற்சி சொதப்பிவிட்டது. ஹால் தரையில் துண்டுகளைப் பரப்பி, முட்டி போட்டு அடுக்கினேன். பாதி அடுக்கும்போதே மகன் ஓடிய ஓட்டத்தில் இரண்டு வரிசை கலைந்தது. அவசரமாகச் சரிசெய்து தைத்தேன். மூன்று வரிசை முடிந்த பிறகுதான், பழுப்புத் துண்டுகள் எல்லாம் ஒரே மூலையில் கூடிவிட்டதைக் கவனித்தேன். தையலைப் பிரித்தேன். பழைய துணி தாங்கவில்லை. நான்கு சதுரங்கள் கிழிந்தன. கடையில் போய் வாங்கக்கூடிய துணியா அது?

ஒட்டுத்துணி தைப்பவர்கள் இதற்காகவே வீட்டில் ‘டிசைன் வால்’ வைத்திருப்பார்கள். பிளானல் போன்ற, மேலே பஞ்சு எழும்பிய துணியைச் சுவரில் தொங்கவிட்டால், பருத்தித் துண்டுகள் பசையில்லாமலே அதில் ஒட்டி நிற்கும். விருப்பம்போல் எடுத்து இடம் மாற்றலாம். எல்லாம் மனத்துக்குப் பிடித்த பிறகு தைத்தால் போதும்.

நான் செய்த சுவருக்கு 25 ரிங்கிட்கூட ஆகவில்லை. மீட்டர் கணக்கில் விற்கும் பிளாஸ்டிக் மேசை விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். சில வகைகளின் பின்பக்கம் வெள்ளையாக, பிளானல் போல இருக்கும். அதில் இரண்டு மீட்டர் வாங்கினேன். அகலம் 54 அங்குலம். வாங்கும்போது மடிக்காமல் சுருட்டித் தரச் சொல்லுங்கள். மடிப்பு விழுந்தால் எளிதில் போகாது, இஸ்திரி போட்டால் பிளாஸ்டிக் உருகிவிடும்.

மேல் ஓரத்தை இரண்டு அங்குலம் மடித்துத் தைத்து, பழைய திரைச்சீலைக் கம்பியை நுழைத்தேன். அடி ஓரத்திலும் அப்படியே ஒரு பிவிசி குழாய். அந்தக் கனத்தில் விரிப்பு சுருங்காமல் நேராகத் தொங்கும். கம்பியின் இரு முனைகளிலும் கயிறு கட்டி ஜன்னல் கிரில்லில் மாட்டினேன். வாடகை வீட்டில் இருப்பவர்களும் ஆணி அடிக்காமல் இதைச் செய்யலாம்.

என் சதுரங்கள் 5 அங்குலம். அகலத்துக்கு 10, உயரத்துக்கு 14 என 140 துண்டுகள் இதில் அடங்கின. நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். ஆகவே தைத்த பின் போர்வை 45-க்கு 63 அங்குலம் வரும்.

முக்கியமான எதிரி நம் வீட்டுக் காற்றாடிதான். அது சுற்றினால் துண்டுகள் பறக்கும். ஓரத் துண்டுகளுக்குக் குண்டூசி குத்திவிடுங்கள். பட்டும் பாலியஸ்டரும் வழுக்கும், அவற்றுக்கும் ஊசி அவசியம். இடத்தைக் காலி செய்ய வேண்டுமென்றால், மேலே ஒரு பழைய போர்வையை விரித்து, துண்டுகளோடு சேர்த்து மெதுவாகச் சுருட்டி வைக்கலாம்.

அடுக்கியதும் ஆறடி தள்ளி நின்று பாருங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அடர் நிறங்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்பது உடனே தெரியும். என் பழுப்பு மூலை அப்படித்தான் கலைந்தது.

அந்தச் சுவர் எங்கள் ஹாலில் இரண்டு வாரம் தொங்கியது. அம்மா போனதிலிருந்து அப்பா அதிகம் பேசுவதில்லை. ஒரு நாள் காலை, காப்பிக் குவளையோடு அதன் முன் நின்றுகொண்டிருந்தார். கீழ் மூலையில் ஒரு பச்சைச் சதுரம். கிழிசலை அம்மா நீல நூலால் இழுத்துத் தைத்திருந்த இடம் அது. கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நான்தான் அங்கே வைத்திருந்தேன்.

“ஏம்மா, இது உங்கம்மா கையால தச்சது. இதைப் போயி கீழ வச்சிருக்கியே?” என்றார். குவளையை வைத்துவிட்டு, குனிந்து அதை எடுத்து நடுவில் இருந்த ஒரு துண்டுக்குப் பதிலாக வைத்தார்.

நிறப் பொருத்தம் கெட்டுப்போனது உண்மை. சுற்றியிருந்தவற்றை மாற்றிச் சரிசெய்ய மேலும் மூன்று நாள் ஆனது. ஆனால் அந்தப் பச்சையை நான் தொடவில்லை. படம் எடுத்துக்கொண்டு, வரிசைக்கு ஓர் எண் எழுதிக் குத்தி, அதன்பிறகே மெஷினில் உட்கார்ந்தேன்.

இந்த முறை எதையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. போர்வை இப்போது அப்பாவின் கட்டிலில் இருக்கிறது.