கருவுறுமுன் இருவரும் வருக

கருச்சிதைவு நேர்ந்த வீட்டில், "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வி பெண்ணை நோக்கியே எழுகிறது. இது நியாயமன்று. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களுள் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் குறைபாட்டால் கலைகின்றன. அவள் படியேறியதாலோ பாரம் தூக்கியதாலோ அல்ல.

ஆயினும் முன்கூட்டியே சீர்செய்யத்தக்க காரணங்களும் உள. கட்டுக்கடங்காச் சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, மிகை எடை, புகையிலை ஆகியன அவற்றுள் சில. கணவருக்கும் இதில் பங்குண்டு. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. அக்காலத்துப் புகைப்பழக்கம் அதன் மரபணுவைச் சிதைக்கக்கூடும். இடைவிடாத வெப்பமும் விந்தணுவுக்குத் தீங்கானது. நாமக்கல் லாரிகளிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் மாதக்கணக்கில் வெளியூரில் உழைப்போர் இதனை அறிதல் வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, கர்ப்பத்தைப் பதிவு செய்த பின்னரே கிடைக்கும். நம் அக்கறையோ அதற்கு மூன்று மாதங்கள் முன்னரே தொடங்க வேண்டும் என்பது எம் கருத்து. கணவர் ஊர் திரும்பியதும் இருவரும் சேர்ந்து மருத்துவரைக் காணுங்கள். சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகைப் பரிசோதனைகளை முடித்துக்கொள்ளுங்கள். மனைவி ஃபோலிக் அமில மாத்திரையையும் கணவர் புகையற்ற வாழ்வையும் அன்றே தொடங்கட்டும். அதன் பின்னரும் இழப்பு நேரின், பழி சுமத்தாது துணை நில்லுங்கள்.