தூணைப் படம் பிடிப்பது குற்றமா?

பழைய கட்டடங்களின் வாசலில் எழுதிப் போட்டிருக்கும் தடைகளில் இரண்டு ரகம் உண்டு. 'சுவரில் கிறுக்காதே' என்பது ஒரு ரகம். 'படம் எடுக்காதே' என்பது இன்னொரு ரகம். முன்னது செய்யத் தகாததைத் தடுக்கிறது. பின்னது செய்ய வேண்டியதைத் தடுக்கிறது. நம் ஊர் விசேஷம் என்னவென்றால், முன்னதற்குக் காவல் கிடையாது, பின்னதற்குத்தான் விசில்!

சென்ற வருஷம் ஒரு பழைய பொதுக் கட்டடத்தில் (எது என்று கேட்காதீர்கள்) தூணின் மேலிருந்த சுதை வேலையைப் படமெடுக்கக் காமிராவைத் தூக்கினேன். காவலர் ஓடி வந்தார். "மேலிடத்து அனுமதி இருக்கா சார்?" என்றார். அதே தூணில் ஒரு காதலன் தன் பெயரையும் காதலியின் பெயரையும் ஆணியால் செதுக்கியிருந்தான். அவன் யாரிடம் அனுமதி வாங்கினான் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களோடுதான் என் வழக்கு.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். அங்கே படமெடுக்க விடுகிறார்கள் என்பது நல்ல செய்தி. 1636-இல் எழுந்த அந்த அரண்மனையில் கண்ணுக்குத் தெரியும் அழகெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும்தான். தூணுக்குத் தூண் பாயும் வளைவுகளும், அவற்றின் மேல் படரும் கொடியும் யாளியும் சுண்ணாம்புச் சாந்தில் கை பிடித்துப் பிடித்துச் செய்தவை. கல் பொறுமைசாலி, ஆயிரம் வருஷம் காத்திருக்கும். சுதை அப்படியல்ல. மழை ஊறினால் உப்பும். வெயில் காய்ந்தால் வெடிக்கும். புறா எச்சமிட்டால் அரிக்கும். அவ்வப்போது பூசிப் புதுப்பித்தாக வேண்டும். பூசுகிறவன் எதைப் பார்த்துப் பூசுவான்? உதிர்ந்துபோன யாளியின் மூக்கு எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பான்?

திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையின் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்துப் போனார் என்பது சரித்திரம். மிச்சத்தைக் காலமும் மனிதர்களும் பார்த்துக்கொண்டார்கள். ரங்கவிலாசம் என்ற பெயர் இருக்கிறது, ரங்கவிலாசம் இல்லை. ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்துத் தூண்கள் மட்டும் நிற்கின்றன, கல்யாணம் முடிந்த பந்தல் கால்கள் மாதிரி. அவற்றின் மேல் என்ன இருந்தது? ஊகிக்கலாம்; பார்க்க முடியாது.

சொர்க்கவிலாசத்தின் கதை வேறு. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் காப்டன், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக மதுரைக்கு வந்தார். இன்றைய வசதி ஒன்றும் இல்லாத காலம். மெழுகு பூசிய பெரிய காகிதத்தில் படத்தைப் பதித்து, மகாலை அது கிடந்த நிலையிலேயே எடுத்து வைத்தார். 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில், சிஷோல்ம் என்ற கட்டடக் கலைஞர் மகாலைப் பழுது பார்த்தார். பழுதுக்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி ஆயிற்று என்று இன்று ஒப்பிட்டுப் பார்க்கிறோமே, அது அந்தக் காகிதங்கள் தந்த வரம்.

"படமெடுத்தால் திருடர்களுக்கு வழி காட்டினதாகும்" என்பார்கள். தலைகீழ் நியாயம்! ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் ஆஸ்திரேலியா வரைக்கும் திருட்டுப் பயணம் போய் 2014-இல் திரும்பி வந்தாரே, அவர் நம்மவர் என்று எதை வைத்து நிரூபித்தார்கள்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படத்தை வைத்துத்தான். படம் இல்லாத சாமிக்கு யார் சாட்சி?

"சட்டம் இடம் கொடாது" என்பார்கள். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு கட்டடத்தை வரைவதும் படமெடுப்பதும் வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்று விதிவிலக்கே கொடுத்திருக்கிறது.

கருவறை முன் காமிரா வேண்டாம் என்றால் தலை வணங்குகிறேன். வழிபாடு வேறு, வேடிக்கை வேறு. பழைய ஓவியத்தின் முகத்தில் பளிச்சென்று விளக்கடிக்காதே என்றாலும் சரி. ஆனால், வருஷம் முழுவதும் மதுரை வெயிலைக் குடித்துக்கொண்டு நிற்கும் முற்றத்துத் தூணை என் காமிரா என்ன செய்துவிடும்?

படமெடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் பல்லையே நூறு தடவை எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. உங்கள் முகம் வீட்டுக் கண்ணாடியிலேயே இருக்கிறது, ஐயா! ஒருமுறை திரும்பி நின்று அந்த வளைவை எடுங்கள்.

அரசாங்கத்தை நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு தூணையும், வளைவையும், சுதைப் பொம்மையையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். பூசுவதற்கு முன் ஒரு தரம், பூசிய பின் ஒரு தரம். அவற்றைப் பெட்டியில் பூட்டாமல் ஜனங்கள் பார்க்க வையுங்கள். உங்களால் முடியாத இடத்தில் எங்களையாவது எடுக்க விடுங்கள்.

விசிலை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆணியோடு வருகிறவனுக்கு அது வேண்டும்.