பந்தைத் தொடலாம், கோப்பையைத் தொடக்கூடாது

போன பொங்கலுக்கு முந்தின வாரம். பழங்காநத்தம் ரவுண்டானாவுக்குப் பக்கத்துல டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தேன். எங்க தெருப் பையன் ஒருத்தன் வந்தான். ரப்பர் பந்தை நல்லாச் சுழற்றி வீசுவான். பக்கத்து ஊர் அணிக்கு மூணு வருசமாக ஆடுகிறான். சுவரில் ஒட்டியிருந்த டோர்னமென்ட் போஸ்டரைக் காட்டி, "இந்த வருசம் ஆடலையாடா?" என்றேன்.

"பவுலிங் போடக் கூப்பிடுறாய்ங்கண்ணே. கேப்டன்னு பேச்செடுத்தா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிறாய்ங்க."

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னான். போன வருசம் கோப்பை ஜெயித்த அன்று கறிச்சோறு போட்டிருக்கிறார்கள். இவனுக்கு மட்டும் பார்சல் கட்டிக் கையில் கொடுத்து, "நேரமாச்சு, நீ கெளம்புப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்களாம். மந்தையில் கட்டிய பிளக்ஸில் கோப்பையோடு பத்துப் பேர் நிற்கிறார்கள். ஆறு விக்கெட் எடுத்தவன் அதில் இல்லை.

இதில் என்ன புதுசு என்று தோழர்கள் கேட்கலாம். புதுசு ஒன்றுமில்லை. நூறு வருசத்துக்கும் மேலான பழசு என்பதுதான் விசயம். பேங்க்கில் என் பக்கத்து மேசைக்காரர் அடிக்கடி சொல்வார்: "தெறம இருந்தா யாரு சார் தடுக்க முடியும்? கிரிக்கெட்ல கோட்டாவா இருக்கு?" அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

*

பல்வங்கர் பாலு என்று ஒருவர் இருந்தார். 1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தவர். தோல்பணி செய்யும் சாதி. புனேயில் பார்சிகளின் கிளப்பில் பிட்ச் கூட்டி உருட்டும் வேலை. மாதம் மூன்று ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் நான்கு ரூபாய். வலை கட்டுவது, வலை அவிழ்ப்பது, கோடு போடுவது. பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்று துரைகள் இவரைப் பந்துவீசச் சொன்னார்கள். கிரெய்க் என்ற துரைக்கு மணிக்கணக்கில் வீசினார். இடதுகைச் சுழல் அப்படித்தான் கூர்மையானது. அத்தனை வருசத்தில் ஒருநாள்கூட அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரை வேலை, வீசுவது கூலி வேலை. வருணப் பாகுபாடு ஆடுகளத்திலும் அச்சு மாறாமல் இருந்தது.

புனேயின் இந்து கிளப்புக்கு வெள்ளையரைத் தோற்கடிக்க ஆள் தேவைப்பட்டது. பாலுவைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் பார்ப்பன ஆட்டக்காரர்களும் அவரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, குடித்துவிட்டுத் தூக்கியெறிகிற மண் குவளையில் தேநீர். சாப்பாட்டுக்குத் தனி மேசை. விக்கெட் விழ வேண்டியபோது அவர் இந்து. தேநீர் வந்ததும் தீண்டத்தகாதவர். மறுபடி ஆட்டம் தொடங்கினால் மறுபடியும் இந்து. ஒரே நாளில் எத்தனை முறைதான் ஒரு மனுசன் மதம் மாறுவது?

நம்ம பக்கத்து டீக்கடை இரட்டைத் தம்ளரை நாம் அறிவோம். அது பெவிலியன் வரைக்கும் போயிருக்கிறது. எங்க தெருப் பையன் கையில் கொடுத்த பார்சலும் அதுதான். மண் குவளைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கவர், அவ்வளவு வித்தியாசம்.

*

பாலு பம்பாய்க்குப் போனார். 1906இல் அங்கே இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்தில் எட்டு விக்கெட் அவருடையது. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அணியில் அவர் எடுத்தது 114 விக்கெட். மகாராஜா கேப்டன், விக்கெட் எடுத்தது பாலு. அவருக்குப் பின்னால் தம்பிகள் சிவராம், விட்டல், கணபத் என்று மூவரும் அணிக்குள் வந்தார்கள்.

இந்துக்கள், பார்சிகள், ஐரோப்பியர், முஸ்லிம்கள் என்று மதவாரியாக அணி பிரித்து ஆடிய போட்டி அது. முஸ்லிம்கள் 1912இல் சேர்ந்ததும் 'குவாட்ராங்குலர்' ஆனது. பணத்துக்காக அல்ல, கௌரவத்துக்காக ஆடும் அமெச்சூர் போட்டி என்று பெயர். கௌரவம் யாருக்கு என்பதுதான் கேள்வி. பம்பாயில் இந்து ஜிம்கானாக்காரர்கள் காலப்போக்கில் பாலு சகோதரர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவும் செய்தார்கள். சீர்திருத்தப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. ஆனால் 1910 தொட்டு வருசாவருசம் பாலுவைக் கேப்டனாக்கு என்று குரல் எழுந்தும், பதவி பார்ப்பனர் கையைவிட்டு நகரவில்லை. எம். டி. பை என்ற பார்ப்பனக் கேப்டனே இந்தப் பெருமை பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னார், அவ்வளவுதான்.

தேநீர்க் கோப்பை விட்டுக்கொடுத்தது. வெற்றிக் கோப்பை விட்டுக்கொடுக்கவில்லை. ஏன்? கேப்டன் என்பவன் யார்? மற்ற பத்துப் பேரைப் பார்த்து "நீ அங்க போய் நில்லு" என்று சொல்கிறவன். சேரிக்காரன் சொல்வான், மேல்சாதிக்காரன் எல்லைக்கோட்டுக்கு ஓட வேண்டும். உடன் உண்ணுவதைச் சாதி சகித்துக்கொள்ளும். உத்தரவு வாங்குவதைச் சகித்துக்கொள்ளாது.

*

1920 சீசனுக்கு வருவோம். அந்த ஜனவரி 31இல்தான் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியிருந்தார். பம்பாயில் போட்டி. அணியிலிருந்து பாலுவைக் கழற்றிவிட்டார்கள். பைக்கு உடம்பு சரியில்லை என்றதும் தலைமையை புனேயைச் சேர்ந்த பார்ப்பனரான தேவ்தருக்குக் கொடுத்தார்கள். அனுபவத்தில் முன்னால் நின்ற விட்டலைத் தாண்டிப் போனார்கள்.

விட்டலும் சிவராமும் அணியைவிட்டு வெளியேறினார்கள். சும்மா போகவில்லை. தாழ்த்தப்பட்டவர் என்பதால்தான் எங்களைத் தாண்டிப் போகிறீர்கள் என்று பகிரங்கமாக அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பை கேப்டனாகத் திரும்பினார். கழற்றிவிடப்பட்ட பாலு துணைக் கேப்டன்! தம்பிகளும் திரும்பினார்கள். பை களத்தைவிட்டு வெளியே போன நேரத்தில் பாலு அணியை நடத்தினார். ஆட்டம் டிரா ஆனது. மூன்று வருசம் கழித்து, 1923இல், விட்டல் இந்து அணியின் கேப்டன். இறுதி ஆட்டத்தில் ஐரோப்பியர் தோற்றார்கள். கூட்டம் விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது.

பதினாலு வருச விக்கெட்டுகளால் ஆகாதது, இரண்டு பேர் "ஆட மாட்டோம்" என்று சொன்னதில் அசைய ஆரம்பித்தது. காந்தியின் தீண்டாமை எதிர்ப்புப் பேச்சு அன்றைக்கு ஊரெல்லாம் அடிபட்டதும் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காந்தி பேசியதால் மட்டும் பாலுவுக்குத் துணைக் கேப்டன் பதவி வந்திருக்காது. தம்பிகள் வெளியே நின்றார்கள். அவர்கள் இல்லாமல் ஜெயிக்க முடியாது. திறமை சாதியைக் கரைக்கும் என்பது பொய். கொடுக்க மறுக்கப்படும்போதுதான் திறமைக்குப் பலம் வருகிறது. என் பக்கத்து மேசைக்காரருக்கு இதுதான் பதில்.

*

சரி, அவன் அணியில் இடம் கேட்டு எதற்கு நிற்கணும், நாமே தனி அணி கட்டினால் என்ன? அப்படிக் கட்டியவர்களும் உண்டு. கனடாவின் கிழக்குக் கரையில் ஹாலிஃபாக்ஸ் என்ற நகரம். பனிக்கட்டியின் மேல் சறுக்கிக்கொண்டு ஆடும் ஐஸ் ஹாக்கி அங்கே உயிர். மதுரை வெயிலில் ஐஸ் வண்டி மணியை மட்டும் கேட்டு வளர்ந்த நமக்கு அது விநோதமாக இருக்கலாம். ஆனால் கதை நம்ம கதைதான். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களின் வாரிசுகளான கறுப்பர்களை வெள்ளையர் அணிகள் சேர்க்கவில்லை. கறுப்பர்களின் பாப்டிஸ்ட் சர்ச்சுகள் 1895இல் தனி லீக் தொடங்கின. ஹாலிஃபாக்ஸ் யுரேகாஸ், டார்ட்மவுத் ஜூபிலீஸ், ஆப்ரிக்வில் ஸீஸைட்ஸ் என்று அணிகள். எல்லா அணிக்கும் கறுப்பரே கேப்டன்.

ஆட்டத்தையே அவர்கள் மாற்றினார்கள். கோல்கீப்பர் பனியில் விழுந்து வட்டை மறிக்கலாம் என்பது அவர்கள் ஆட்டத்தில் வழக்கம். 1917இல் தொடங்கிய வெள்ளையரின் தேசிய லீக்கில் அப்படி விழுந்தால் தண்டனை. 1918 ஜனவரியில்தான் அங்கே விதி மாறியது. அடிமையின் வாரிசு கண்டுபிடித்ததை ஆண்டை பின்னால் வந்து சொந்தமாக்கிக்கொண்டார்.

ஆனால் மைதானம்? பனி அரங்கு வெள்ளையன் கையில். அவர்கள் சீசன் முடிந்து, மிச்சமிருக்கிற பனி உருகுவதற்குள் கறுப்பர்கள் ஆடி முடித்துக்கொள்ள வேண்டும். கோடை வந்து கண்மாய் வற்றினால்தான் நம்ம பசங்களுக்கு ஆடுகளம் கிடைக்கிற மாதிரி! அந்த ஸீஸைட்ஸ் அணியின் ஊரான ஆப்ரிக்வில்லுக்கு நகராட்சி குடிநீர் கொடுக்கவில்லை, சாக்கடை கொடுக்கவில்லை. பக்கத்தில் குப்பைமேட்டை மட்டும் கொண்டுவந்து வைத்தது. 1960களில் ஊரையே இடித்தது. மக்களின் தட்டுமுட்டுச் சாமான்களைக் குப்பை லாரிகளில் ஏற்றியது. 2010இல் மன்னிப்புக் கேட்டார்கள். 2020இல் அந்த லீக்குக்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள். அஞ்சல்தலை வந்தது, ஊர் திரும்ப வரவில்லை.

*

அவன் அணியில் இடமா, நமக்குத் தனி அணியா? இந்தக் கேள்வி அரசியலில் நமக்குப் பழக்கமானது. 1932இல் தனி வாக்காளர் தொகுதிக்கு அம்பேத்கர் போராடினார். அவரைப் பூனா ஒப்பந்தத்துக்கு இணங்க வைக்கப் பேசியவர்களில் நம்ம எம். சி. ராஜாவும் உண்டு, பாலுவும் உண்டு. 1937 தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் ஜெயித்தார். பந்துவீச மட்டும் கூப்பிட்டவர்கள் மறுபடியும் பந்துவீசத்தான் கூப்பிட்டார்கள். இந்த முறை எதிரே நின்றது நம்ம ஆள். அதற்காகப் பாலுவைத் துரோகி என்று தள்ளிவிட நான் தயாரில்லை. மண் குவளையில் குடித்துக்கொண்டே விக்கெட் எடுத்தவரின் வலியை நாற்காலியில் உட்கார்ந்து எடைபோட எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அவருடைய வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 1937ஐ அல்ல, தம்பிகள் காட்டிய 1920ஐ.

2024இல் 'ப்ளூ ஸ்டார்', 'லப்பர் பந்து' என்று இரண்டு தமிழ்ப் படங்கள் இந்தச் சாதி கிரிக்கெட்டைத் திரைக்குக் கொண்டுவந்தன. நல்லது. 'ப்ளூ ஸ்டார்' படத்தில் ஊர் அணியும் காலனி அணியும் கடைசியில் ஒன்று சேர்கின்றன. சேர்ந்த அணிக்கு அடுத்த வருசம் கேப்டன் யார்? விளக்கைப் போட்ட பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது.

கேப்டன் என்ற சொல்லை ஊராட்சித் தலைவர் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். நம்ம மதுரை மாவட்டத்து மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றது எதற்காக? பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை தேர்தலையே நடத்தவிடாமல் முடக்கியது எதற்காக? நாம் சொல்லி அவன் கேட்பதா என்கிற அதே ஆத்திரம்தான். அங்கே கையில் பந்து இல்லை, அரிவாள் இருந்தது.

மைதானம் என்பதும் நிலம்தான். மந்தை யாருடையது, கண்மாய்க் கரை யாருடையது, பள்ளிக்கூட மைதானத்தின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது... இதைக் கேட்காமல் அணியில் இடம் கேட்பதும் பாதிதான், தனி அணி கட்டுவதும் பாதிதான். சேரிக்கென்று ஒரு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று நம்ம இயக்கக் கோரிக்கைப் பட்டியலில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம்? சுடுகாட்டுப் பாதை கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். உயிரோடு ஓடியாடுகிற பிள்ளைக்கு இடம் கேட்க மட்டும் ஏன் கூச்சம்?

அந்தப் பையனுக்கு இந்தக் கதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "விட்டல் வெளிய போனப்ப கூட அவரு தம்பி போனாரா, அண்ணன் போனாரா?" என்று கேட்டான். அண்ணன் என்றேன். "எனக்கு யாரு வருவாண்ணே?"

தோழர்களே, அவன் கேட்டது என்னை மட்டுமல்ல.